பனம்பழத்தில் தொடங்குங்கள்: யாழ்ப்பாணத்து மாரிக்கு ஒரு வீட்டு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மரங்கள் நிறம் மாறி இலை கொட்டுகிற செப்டெம்பர், ஒக்டோபரில் இங்கே சோளகக் காற்று ஓய்ந்து, பனைகளின் அடியில் பழம் விழுந்து கிடக்கும். அதற்குப் பிறகு மழை. இந்தக் குடாநாட்டுக்கு ஆண்டு முழுதும் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடுதான் வருகிறது. நல்லூர்க் கொடி இறங்கிய கையோடு தொடங்கி விளக்கீடு முடியும் வரைக்குமான புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை மூன்று மாதமும் வீட்டில் கைக்கு வேலையும் வாய்க்கு ருசியும் குறையாத காலம்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து பழைய வீட்டைத் திறந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மாரி வந்தால் வீட்டுக்குள் அடைபட்டு என்ன செய்வது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பனம்பழத்தில் தொடங்குங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும். இன்று பினைந்த பழத்தின் கொட்டை ஐப்பசியில் பாத்திக்குப் போகும். பாத்தி தை, மாசியில் கிழங்கு தரும். கிழங்கு வெயிலில் காய்ந்து ஒடியலாகும். அந்த ஒடியல் அடுத்த மாரிக்குக் கூழாகும். தனித்தனிச் சமையற் குறிப்புகளாகப் பார்த்தால் இதன் சுவாரசியம் பாதி போய்விடும். ஒரு முழு வட்டமாக ஒரு வருடம் செய்து பாருங்கள்.

முதல் வருடத்துக்கு ஐந்தாறு பழம் போதும். கடகம் நிறையக் கொண்டுவந்து வைத்தால் களைத்துப் போவீர்கள், பழமும் அழுகிவிடும்.

பழம் எடுப்பது

பனையில் ஆண், பெண் இரண்டும் தனித்தனி மரங்கள். பெண்பனைதான் காய்க்கும். வைகாசி, ஆனியில் நுங்காக வெட்டாமல் விட்ட குலைகள்தான் ஆவணி, புரட்டாதியில் கறுத்துப் பழுத்துத் தானாக விழும். ஆகவே பழத்துக்காக யாரும் மரம் ஏறத் தேவையில்லை, விடியற்காலையில் எழும்பினால் போதும். நேரம் போனால் மாடும் வண்டும் முந்திவிடும்.

உங்கள் வளவில் பனை இல்லையென்றால் பக்கத்து வளவுக்காரரிடம் கேளுங்கள். வேலிக்கு வெளியே, ஒழுங்கையில் விழுந்து கிடந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பதுதான் மரியாதை. பெரும்பாலும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். அதோடு எந்த மரத்துப் பழம் இனிப்பு, எந்த மரத்துப் பழம் கைக்கும் என்ற விபரமும் கிடைக்கும். இந்த விபரம்தான் முக்கியம். பனங்களியில், அதாவது பழத்தின் சதையில், இயற்கையாகவே ஒரு கைப்பு உண்டு. அது மரத்துக்கு மரம் மாறும். கைப்பு மரத்துப் பழத்தில் எவ்வளவு சீனி போட்டாலும் பணியாரம் தொண்டையில் காறும். இந்தக் கைப்புப் பொருள் நுரைக்கும் தன்மை உள்ளது. முந்தைய தலைமுறையினர் பனங்களியால் உடுப்புத் தோய்த்ததும் அதனால்தான். கேட்க ஆள் இல்லாவிட்டால் தோலைக் கொஞ்சம் உரித்து, களியை நாக்கில் தொட்டுப் பாருங்கள்.

சந்தையிலும் வாங்கலாம். திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரிச் சந்தைகளில் பருவத்தில் பார்க்கலாம். எங்கே எடுத்தாலும் மூன்றைக் கவனியுங்கள்: தோல் நன்றாகக் கறுத்திருக்க வேண்டும், வாசம் ஓரடி தள்ளி நின்றாலும் வர வேண்டும், புளித்த கள்ளு மணம் இருக்கக் கூடாது. விழும்போது ஒரு பக்கம் நசிந்திருந்தால் பரவாயில்லை. வண்டு துளைத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காற்று அடிக்கும் நேரத்தில் காய்த்த பனையின் கீழே நிற்காதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பழம் அவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது.

பினைவது

பழைய உடுப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பனங்களியின் செம்மஞ்சள் நிறம் துணியில் பட்டால் லேசில் போகாது. வேலையைக் குசினிக்குள் வைக்காமல் கிணற்றடியிலோ பின் விறாந்தையிலோ வைப்பது நல்லது.

பழத்தைக் கழுவி, காம்புப் பக்கம் ஒட்டியிருக்கும் தடித்த செதில்களைக் கழற்றுங்கள். அந்த இடத்திலிருந்து கத்தி நுனியால் கறுப்புத் தோலை நெம்பினால் நீளநீளமாக உரிந்து வரும். உள்ளே நாரும் களியுமாக இரண்டு அல்லது மூன்று கொட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி இருக்கும். அவற்றைக் கையால் பிளந்து பிரியுங்கள்.

அகலமான சட்டியில் ஒரு கொட்டையை வைத்து, கொதித்தாறிய தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பினையுங்கள். ஒரு பழத்துக்கு அரைக் கோப்பைத் தண்ணீருக்கு மேல் வேண்டாம். புதியவர்கள் கை வழுக்க வேண்டும் என்று தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். பிறகு அதை வற்றவைக்க அடுப்படியில் ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டிவரும். நார் வெளுத்து வரும்போது களி இறங்கிவிட்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும் பினைந்த பிறகு வெள்ளைத் துணியிலோ அரிதட்டிலோ வடித்தால் தும்பில்லாத களி கிடைக்கும்.

பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு கொட்டையை அவர்கள் சூப்பட்டும். முகமெல்லாம் மஞ்சளாகும், பல்லிடுக்கில் நார் சிக்கும். ஆனாலும் பனம்பழத்தின் உண்மையான ருசி அதில்தான் இருக்கிறது. முழுப் பழத்தை நெருப்பில் சுட்டுச் சாப்பிடுவதும் உண்டு. சுட்டால் கைப்பு அடங்கி, இனிப்பு மேலே வரும். அடுப்பில் விறகு எரிகிற வீடாக இருந்தால் கட்டாயம் செய்து பாருங்கள்.

கொட்டைகளை எறியாதீர்கள். கழுவி, நிழலான ஒரு மூலையில் குவித்து வையுங்கள். அவற்றுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

பனங்காய்ப் பணியாரம்

பழுத்த பழத்தில் செய்தாலும் இங்கே இதைப் பனங்காய்ப் பணியாரம் என்றுதான் சொல்வார்கள். இரண்டு கோப்பைக் களிக்கு முக்கால் முதல் ஒரு கோப்பை வரை சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஏறத்தாழ ஒன்றரைக் கோப்பை மா. மா முழுவதும் கோதுமை மாவாக இருக்கலாம். பாதி கோதுமை மா, பாதி வறுத்த அரிசிமா என்று கலந்தால் எனக்குப் பிடித்த பதம் வரும். வெளியே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே மெதுமை.

முதலில் களியையும் சீனியையும் உப்பையும் அடிகனமான தாச்சியில் சேர்த்து மிதமான தீயில் காய்ச்சுங்கள். கொதிக்கத் தொடங்கினால் களி தெறிக்கும், கையைச் சுடும். நீளக் காம்புள்ள அகப்பையால் அடி பிடிக்காமல் துழாவுங்கள். பதினைந்து, இருபது நிமிடத்தில் பச்சை மணம் போய், நிறம் ஆழமாகி, களி தடிக்கும். இறக்கி நன்றாக ஆற விடுங்கள். இந்த ஆறுதலை அவசரப்படுத்தக் கூடாது. சூட்டோடு மா போட்டால் மா வெந்து கட்டிபடும். எவ்வளவு மா வேண்டும் என்ற கணக்கும் பிழைத்துப் போகும்.

ஆறிய களியில் மாவைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துக் குழையுங்கள். விரல் நுனியால் எடுத்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும், விரலை உதறினால் உருண்டையாக விழ வேண்டும். அளவைக் கோப்பையை விடக் கையை நம்புங்கள். களியின் தண்ணீர்த் தன்மை ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். மா கூடினால் பணியாரம் கல்லாகும், குறைந்தால் எண்ணெய் குடிக்கும். ஒன்றைப் பொரித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெயைத் தாச்சியில் காயவைத்து, தீயை மிதமாக்கி, நெல்லிக்காய் அளவுக்குக் கிள்ளிக் கிள்ளிப் போடுங்கள். சீனி இருப்பதால் வெளிப்புறம் வேகமாகச் சிவக்கும். தீ கூடினால் உள்ளே மா வேகாது. கடும் மண்ணிறமாக வரும்போது வடித்தெடுங்கள்.

இப்போது சாப்பிடலாம்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் எந்த ஆச்சியைக் கேட்டாலும், "இண்டைக்கு ரெண்டு தின், மிச்சத்தை மூடி வை, நாளைக்குத்தான் அது பணியாரம்" என்பார். ஒரு இரவு மூடியுள்ள பாத்திரத்தில் இருந்தால் மொறுமொறுப்பு அடங்கி, உள்ளிருக்கும் பனம்பழ வாசம் முழுதாக எழும்பும். மூன்று, நான்கு நாள் வைத்துச் சாப்பிடலாம். அதற்கு மேல் இந்த ஈரப்பதத்தில் வைக்காதீர்கள்.

களி மிஞ்சினால் காய்ச்சி ஆறவைத்து, சிறு பெட்டிகளில் உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கார்த்திகையில் விருந்தாளி வந்தாலும் பணியாரம் சுடலாம்.

பனாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். பனங்களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்து, காய்ந்ததன் மேல் மறுபடி ஊற்றி, அடுக்கடுக்காகத் தடிக்கவைப்பதுதான் பனாட்டு. அதற்குத் தொடர்ந்து நல்ல வெயில் வேண்டும். புரட்டாதிக் கடைசியில் வானத்தை நம்ப முடியாது. பாதி காய்ந்த பனாட்டில் மழை பட்டால் எல்லாம் பூஞ்சணம். முதல் வருடம் அதைச் செய்யாமல் வாங்கிச் சாப்பிடுங்கள். 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தில் பனாட்டு, ஒடியல் மா, பனங்கட்டி எல்லாம் கிடைக்கும். ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டியில் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். மழை நாளில் பால் இல்லாத தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பனங்கட்டியைக் கடிக்கும் பழக்கம் உங்களுக்கும் வந்துவிடும்.

பாத்தி போடுவது

குவித்து வைத்த கொட்டைகளுக்கு நேரம் வந்துவிட்டது. முதல் மழை மண்ணை நனைத்த பிறகு, புரட்டாதிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ பாத்தி போடுங்கள்.

பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேலே வராது, கீழே இறங்கும். நாம் சாப்பிடும் கிழங்கு அந்த இறங்கிய முளையில் திரள்வதுதான். பாத்தியின் விதிகள் எல்லாம் இதிலிருந்து வருகின்றன. கிழங்கு நேராகவும் நீளமாகவும் இறங்க வேண்டுமானால் மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். மணற்பாங்கான மண் மிக நல்லது. இறுகிய செம்பாட்டு மண்ணாக இருந்தால் மணல் கலந்துகொள்ளுங்கள். நிலத்தைக் கொத்தி, அதன்மேல் மண்ணைக் குவித்து, ஒன்றரை இரண்டு அடி உயரத்துக்கு மேடையாக்குங்கள். ஓரம் சரியாமல் இருக்கப் பனை மட்டையோ பழைய ஓடோ வைத்து அணைகட்டலாம்.

இடம் பார்ப்பதுதான் புதியவர்கள் தவறவிடும் விடயம். இப்போது காய்ந்து கிடக்கும் பள்ளமான மூலை கார்த்திகையில் குளமாகிவிடும். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது இங்கே வெள்ளம் எங்கெங்கே நின்றது என்று அயலில் உள்ள பெரியவர்கள் இன்றைக்கும் கைகாட்டுவார்கள். அந்த இடங்களைத் தவிருங்கள். தண்ணீர் தேங்கினால் கொட்டை அழுகும்.

மேடையின்மேல் கொட்டைகளை நெருக்கமாக, இடைவெளி விடாமல் அடுக்குங்கள். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று கவலைப்பட வேண்டாம். எப்படி வைத்தாலும் முளை தானாகக் கீழ்நோக்கித் திரும்பும். மேலே இரண்டு மூன்று அங்குலம் மண் போட்டு மூடுங்கள். மழை ஒரு வாரத்துக்கு மேல் பொய்த்தால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். பிறகு தை பிறக்கும் வரை அதை மறந்துவிடலாம். எல்லாக் கொட்டையும் முளைக்காது, அது இயல்பு.

வாடகை அறையில் இருக்கிறீர்களா? நிலம் இல்லையென்றால் ஒரு வெற்று உரப்பையின் அடியில் ஓட்டைகள் போட்டு, மணல் கலந்த மண்ணை நிரப்பி, மேலே பத்துக் கொட்டையை அடுக்கி மூடுங்கள். மாடிப் படிக்குக் கீழே மழை படும் ஓரத்தில் வைத்தால் போதும்.

வேலியில் இருக்கும் கறி

மழை தொடங்கி இரண்டு வாரத்தில் யாழ்ப்பாணத்து வேலிகள் பச்சையாகிவிடும். மொசுமொசுக்கை, முசுட்டை, தூதுவளை எல்லாம் அப்போதுதான் துளிர்க்கும். விலை கொடுக்காமல் கிடைக்கும் இந்த இலைகள்தான் மாரிகாலச் சமையலின் உயிர் என்பது என் கருத்து.

மொசுமொசுக்கை இலை சொரசொரவென்று இருக்கும். பொடியாக அரிந்து, கோதுமை மா, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்போடு குழைத்து ரொட்டி சுடுங்கள். சளி பிடித்த வீட்டில் இதுதான் காலைச் சாப்பாடு. முசுட்டை இலையை மெல்லியதாக அரிந்து வறை செய்வார்கள். தாச்சியில் வெங்காயம், செத்தல் மிளகாயைத் தாளித்து, இலையைப் போட்டு இரண்டு பிரட்டு, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் உப்பும் சேர்த்து இன்னும் இரண்டு பிரட்டு, இறக்கித் தேசிக்காய்ப் புளி விடுங்கள். மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறோடு அது போதும், வேறு கறி தேவையில்லை. தூதுவளையில் முள் உண்டு. இலையின் பின்பக்க முள்ளைக் கிள்ளிவிட்டு இரசத்தில் போடலாம்.

மூன்று நான்கு வகை இலை சேர்ந்தால் இலைக்கஞ்சி. சிவப்பரிசியைக் குழைய வேகவைத்து, இலைகளை அரைத்துப் பிழிந்த சாற்றை விட்டு ஒரு கொதி, தேங்காய்ப்பால் விட்டு இன்னொரு கொதி, இறக்கிய பிறகு உப்பும் தேசிக்காயும்.

ஆனால் இலையை அடையாளம் தெரிந்த ஒருவரோடு போய்த்தான் முதலில் பறிக்க வேண்டும். இதே வேலிகளில், இதே மாதங்களில் கார்த்திகைப் பூவும் பூக்கும். சிவப்பும் மஞ்சளுமாக மிக அழகாக இருக்கும். அதன் கிழங்கில் கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. பூவைப் பார்த்து மகிழுங்கள். கிழங்கைத் தோண்டாதீர்கள், வேறு கிழங்கென்று எண்ணிச் சமைத்துவிடாதீர்கள். மழைக்கு வளவில் முளைக்கும் காளானுக்கும் இதே விதி: தெரியாததைச் சட்டியில் போடக் கூடாது.

ஒடியற் கூழ்

இந்தப் பருவத்தில் ஒரு நாளையாவது கூழுக்கென்று ஒதுக்குங்கள். ஆட்களைக் கூப்பிடாமல் கூழ் காய்ச்சாதீர்கள். இது இரண்டு பேருக்கு அளவாகச் செய்யும் சாப்பாடு அல்ல. கேதாரகௌரி விரதமும் கந்த சஷ்டியும் ஐப்பசியில் வருவதால் பல வீடுகளில் அந்த நாட்களில் மச்சம் சமைக்கமாட்டார்கள். அழைக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். விரதம் முடிந்த பிறகு வரும் ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் வசதி.

எட்டுப் பேருக்குக் கணக்கு இது. ஒடியல் மா கால் கிலோ, மீன் அரைக் கிலோ, நண்டு நாலைந்து, இறால் கால் கிலோ, மரவள்ளிக்கிழங்கு ஒரு நடுத்தரத் துண்டு, பயத்தங்காய் ஒரு பிடி, பலாக்கொட்டை கிடைத்தால் பத்துப் பதினைந்து, முருங்கையிலை இரண்டு பிடி, ஒரு சிறங்கை அரிசி, செத்தல் மிளகாய் பதினைந்து, தேசிக்காய் அளவு பழப்புளி, மஞ்சள், உப்பு. மீனுக்குச் சின்னக்கடைச் சந்தைக்கோ பாசையூருக்கோ காலையில் போங்கள். பல வகைச் சிறுமீன் கலந்து வாங்குவது கூழுக்கு நல்லது. முள் அதிகமான மீன் வேண்டாம், குடிக்கும்போது தொண்டையில் சிக்கும். ஒரு பெரிய மீன் தலை இருந்தால் ருசிக்கு அது போதும்.

வேலை மாவில் தொடங்குகிறது. ஒடியல் மாவைப் பெரிய பாத்திரத்தில் போட்டு, நாலு மடங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, அப்படியே வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் மா அடியில் படிந்து தெளிந்த தண்ணீர் மேலே நிற்கும். அதை மெதுவாக ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படி மாற்ற வேண்டும். ஒடியலின் கைப்பு இந்தத் தண்ணீரோடு போகிறது. இந்தப் படியைக் குறைக்காதீர்கள், மாவைச் சரியாக வேகவைக்காமலும் இறக்காதீர்கள்.

பெரிய பானையில் மூன்று லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி மூன்றையும் போடுங்கள். பானையை மூடாமல் வேகவிடுங்கள். முக்கால் வேக்காட்டில் பயத்தங்காயும் மீன் தலையும். பத்து நிமிடம் கழித்து நண்டு, மீன், கடைசியாக இறால். இதற்கிடையில் செத்தல் மிளகாயையும் மஞ்சளையும் அம்மியிலோ மிக்சியிலோ பட்டுப்போல அரைத்து, புளிக்கரைசலில் கலந்து, படிந்திருக்கும் ஒடியல் மாவோடு சேர்த்துக் கரைத்து வையுங்கள். கடலுணவு வெந்ததும் தீயைத் தணித்து, இந்தக் கரைசலை ஒரு கையால் ஊற்றி மறு கையால் துழாவ வேண்டும். உப்பும் இப்போதுதான். கூழ் தடித்து, பளபளப்பு ஏறி, மாவின் பச்சை மணம் போகப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். இறக்கும் முன் முருங்கையிலை. ஆறும்போது இன்னும் தடிக்கும் என்பதால் அடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் இளக்கமாகவே இருக்கட்டும்.

சைவமாகச் செய்வதென்றால் கடலுணவுக்குப் பதில் வாழைக்காய், பூசணிக்காய், கூடுதல் பலாக்கொட்டை. புளியையும் உறைப்பையும் குறைக்காதீர்கள்.

கோப்பையில் குடிக்கலாம், ஆனால் பனையோலை கிடைத்தால் பிளா கோலுங்கள். ஓலையை மடித்து இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டினால் தோணி வடிவில் ஒரு பாத்திரம் வரும். ஒருமுறை பார்த்தால் பழகிவிடும். சூடான கூழ் ஓலையில் பட்டவுடன் எழும் வாசம் கோப்பையில் கிடைக்காது. பிள்ளைகளிடம் இந்த வேலையை விட்டால் கூழ் கொதிக்கும் வரை அவர்களுக்கும் பொழுது போகும்.

விளக்கீடு

கார்த்திகையில் விளக்கீடு வரும். பஞ்சாங்கத்தில் எந்த நாள் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், கோயில் தீபங்களும் வீட்டு விளக்கீடும் எந்தெந்த நாள் என்று சொல்லித்தருவார். படலையடியில் வாழைக்குற்றி ஒன்றை நட்டு அதன்மேல் விளக்கு வைப்பார்கள். வாசற்படி, கிணற்றடி, மதில் எங்கும் சிட்டி விளக்குகள். தடிகளில் பழந்துணி சுற்றி எண்ணெயில் தோய்த்து, வளவெங்கும் சிறு பந்தங்களாகக் குத்துவதும் உண்டு. அன்றைக்குக் கட்டாயம் மழை தூறும் என்று வைத்துக்கொண்டு, துணியையும் திரியையும் முதல் நாளே எண்ணெயில் ஊறப்போட்டு வையுங்கள். கோயிலில் சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்த்துவிட்டு வந்து கொழுக்கட்டை சாப்பிடலாம். வறுத்து வேகவைத்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை மூன்றையும் குழைத்த உள்ளுடன். வறுத்த அரிசிமாவைக் கொதிநீரில் குழைத்த மேல்மா. ஆவியில் பத்து நிமிடம். சமயம் வேறாக இருந்தாலும் அயலவர் அனுப்பும் கொழுக்கட்டைத் தட்டு உங்கள் வீட்டுக்கும் வரும். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

மறுநாள் சிட்டிகளைப் பொறுக்கிக் கவிழ்த்து வையுங்கள். சிரட்டை, பினைந்த சட்டி, வெற்றுப் பேணி எதிலும் மழைத்தண்ணீர் நிற்கக் கூடாது. இங்கே டெங்கு பெருகுவது இந்த மாதங்களில்தான்.

கிழங்கு கிண்டும் நேரம்

மார்கழியில் மழை தளர, பிள்ளைகள் பட்டம் கட்டத் தொடங்குவார்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கும். நீங்கள் பாத்திக்குப் போங்கள். ஓரத்தில் ஒரு கிழங்கை மட்டும் கிண்டிப் பாருங்கள். மெலிந்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். மேலே ஓலைக் குருத்து விரியத் தொடங்கிவிட்டால் கிழங்கு நாராகும், உடனே எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் மண்ணை அலவாங்கால் நெம்பித் தளர்த்தி, ஓரத்திலிருந்து உள்நோக்கிப் போனால் முறியாமல் வரும்.

கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான் என்று சொல்லும் பருப்பு இருக்கும். பஞ்சாக, இனிப்பாக, நின்ற இடத்திலேயே தின்ன வேண்டியது அது. மிஞ்சும் வெற்றுக் கொட்டையான ஊமல் அடுப்புக்கு எரிபொருள்.

முதல் தொகுதிக் கிழங்கை மேல்தோல் உரித்து, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்துச் சாப்பிடுங்கள். அவித்ததை நெடுக்கே கிழித்து வெயிலில் காயவைத்தால் புழுக்கொடியல். தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்னலாம். அவிக்காமல் பச்சையாகவே நெடுக்கே கிழித்துக் காயவைத்தால் ஒடியல். மாசி, பங்குனி வெயில் இதற்கு ஏற்றது. முற்றத்தில் சாக்கு விரித்துப் பரப்பி, மாலையில் பனி படாமல் உள்ளே எடுத்துவிடுங்கள். இரண்டு விரலால் வளைத்தால் வளையாமல் "டக்"கென்று முறிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் காயட்டும். முறியும் ஒடியலைக் காற்றுப் புகாத தகர டின்னில் போட்டு, டின்னைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். முழுவதையும் ஒரே நாளில் மாவாக்க வேண்டாம். மாவில் வண்டு சீக்கிரம் விழும். ஒடியல் நன்றாகக் காய்ந்திருந்தால் அடுத்த மாரி வரை இருக்கும். கூழ் காய்ச்ச நினைக்கிற வாரத்தில் வேண்டிய அளவை எடுத்து, ஒருமுறை வெயில் காட்டி, ஆலையில் கொடுத்துத் திரிக்கலாம்.